கடைக்காரரின் பூப்போட்ட பெட்ஷீட்

மத்தியான வெயிலில் பைக் சீற்றின் தோல் இரண்டாவது தடவையாக வெடித்துவிட்டது. பைக்கை மூட ஒரு கவர் வாங்க இன்று வெள்ளவத்தையில் ஒரு கடைக்குப் போனேன்.

என்ன பைக் என்று கேட்பார் என நினைத்தேன். கடைக்காரர் கேட்டது வேறு.

"காலி வீதிக்குக் கடல் பக்கமா இருக்கிறீங்க, மற்றப் பக்கமா?"

"கடல் பக்கம்."

"அப்ப பிளாஸ்டிக் வேண்டாம். வெயிலை மறைக்கும், ஆனா உப்புக் காத்து உள்ளுக்கு அடைஞ்சு செயின் துருப்பிடிக்கும். துணிக் கவர் எடுங்கோ."

வெள்ளிப் பூச்சுள்ள துணிக் கவர் ஒன்றை விரித்துக் காட்டினார். நல்லதுதான். ஆனால் கடை வாசலில் நின்ற பைக்கின் மேல் பூப்போட்ட பழைய பெட்ஷீட் ஒன்று கிடந்தது.

"அது ஆருடைய பைக்?"

"என்ர."

"நீங்க கவர் போடேல்லையோ?"

"வீட்டில பெட்ஷீட் கிடந்தது, போட்டனான். அதுவும் துணிதானே."

எனக்கு அது போதும். கவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்து ஒரு பெட்ஷீட்டை இழுத்தேன்.

"அதில கை வைக்க வேண்டாம், அம்மா தந்தது," என்றாள் மனைவி. அடுத்தது விருந்தாளிகளுக்காம். கிழிந்தது நிலம் துடைக்கவாம்.

அரை மணித்தியாலத்தில் திரும்பவும் கடையில் நின்றேன். அந்தக் கவரை அவர் உள்ளே வைக்கவே இல்லை. மடித்து மேசையில் வைத்திருந்தார்.

"எல்லாரும் வீட்டில கேட்டுட்டுத்தான் வருவினம்," என்றார்.

அவருக்கு மட்டும் பெட்ஷீட் எப்படிக் கிடைத்தது என்றுதான் எனக்கு விளங்கவில்லை. வீட்டில் கேட்டு வாங்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.