பென்சில் கனத்தில் ஓடும் தண்ணீர்

ஒரிசியா பவ்லிக்கை முதலில் குரலாகத்தான் எனக்குத் தெரியும். நகராட்சித் தண்ணீர்ப் பிரிவில் புகார்த் தொலைபேசியை எடுக்கும் வேலையில் அன்றைக்குத்தான் சேர்ந்திருந்தேன். கோதுமையும் காற்றும் தவிர வேறொன்றும் இல்லாத ஊரிலிருந்து வந்து, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. எவ்வளவு பெரிய புகார் வந்தாலும் தீர்த்துவிடலாம் என்ற நினைப்பில் உட்கார்ந்திருந்தேன்.

"யாருப்பா, புது ஆளா?"

"ஆமாம்மா. என்ன பிரச்சினை?"

"உங்க பனி தள்ளுற வண்டி என் வாசல்ல ஒரு பனி மலையைக் கட்டிட்டுப் போயிருக்கு. இதுக்குத் தனியா வரி போடுவீங்களா, இல்ல வீட்டு வரியிலேயே சேர்த்தியா?"

"அது வேற பிரிவும்மா."

"எதைக் கேட்டாலும் வேற பிரிவு. உன் பிரிவு எதுக்குத்தான் இருக்கு?"

"தண்ணிக்கு."

"சரி, தண்ணிக்கும் வருவேன், இரு."

பக்கத்து மேசைக்காரர் சிரித்துக்கொண்டே, "ஒரிசியாவா?" என்று கேட்டார். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவரைத் தெரிந்திருந்தது. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். எந்தத் தெருவில் எந்தக் குழி எந்த வசந்தத்தில் திறக்கும் என்று சொல்வார். காலையில் வானொலியில் மக்கள் குறை சொல்லும் நிகழ்ச்சியில் அவர் குரல் கேட்காத வாரம் கிடையாது.

அவரை நேரில் பார்த்தது அடுத்த மார்ச்சில். அந்த மாதம் எங்கள் நகரத்துக்கு ஒரு வினோதம் உண்டு. மேலே வெயில் அடிக்கும், பனி உருகிக் கூரையிலிருந்து சொட்டும், பையன்கள் மேல்கோட்டைக் கழற்றிவிட்டு நடப்பார்கள். அப்போதுதான் குளிர் மண்ணுக்குள் ஆழமாக இறங்கி, வீட்டுக்கு வரும் குழாயைப் பிடிக்கும். ஆபத்தான வீடுகளுக்கு நாங்கள் போய் அறிவிப்புக் கொடுப்போம். ஒரு குழாயைப் பென்சில் கனத்துக்கு இரவும் பகலும் திறந்து வைக்க வேண்டும், நாங்கள் சொல்லும்வரை மூடக்கூடாது. நின்ற தண்ணீர் உறையும். அந்த வருடம் அவர் வீடும் அந்தப் பட்டியலில் இருந்தது.

கதவைத் திறந்தவர் என்னைக் குரலில் கண்டுபிடித்துவிட்டார். "வேற பிரிவா? வா வா. பூட்ஸைக் கழட்டு."

உள்ளே ஜன்னலோரம் அவர் கணவர் நெஸ்டர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரம். சிறுநீரகம் போனபின் இரண்டு வருடம் மருத்துவமனைக்குப் போய்வந்தவர். அங்கே தன் வரிசை நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இல்லாமல் போனதைப் பார்த்துவிட்டு, இனி அங்கே கால் வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். மருத்துவர்கள் இயந்திரத்தை வீட்டுக்கே கொடுத்து, ஒரிசியாவுக்கு ஊசி குத்தப் பழக்கினார்கள். அந்த இயந்திரத்துக்குத் தண்ணீர் வேண்டும், நிறைய.

"குழாய் நின்னா இவர் நின்னுருவார், தம்பி," என்றார் ஒரிசியா வாசலில், குரலைத் தாழ்த்தி. "அங்க திரும்பிப் போறதுக்குப் பதிலா சிகிச்சையையே நிறுத்திக்கலாம்கிறார். சும்மா சொல்லலை. எனக்கு அவரைத் தெரியும்."

அன்றிலிருந்து சமையலறைக் குழாய் ஓடியது. கைப்பிடியைச் சுற்றிச் சிவப்பு நாடா. பியரோகிக் கொழுக்கட்டை கொண்டுவரும் தேவாலயத்துப் பெண்கள் பாத்திரம் கழுவப் போனால், "கையை எடு!" என்று கத்துவாராம். நாள்தோறும் எனக்கு அழைப்பு. "சத்தம் கொஞ்சம் மெலிஞ்ச மாதிரி இருக்குப்பா." "பென்சில்னா எந்தப் பென்சில்? சின்னப் பிள்ளைங்க வச்சுருக்கிற தடிச்ச பென்சிலா?" சிரித்துக்கொண்டே பதில் சொன்னாலும் தொலைபேசியை வைத்தபின் அன்றைக்கு உறைந்த வீடுகளின் பட்டியலை ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

ஒரு வியாழக்கிழமை காலை அழைத்தபோது அந்தக் குரலில் கிண்டல் இல்லை.

"நின்னுருச்சு."

நான் போய்ச் சேர்வதற்குள் வானொலியில் நகராட்சியைக் கிழித்திருந்தார். அவ்வளவு ஆழமில்லாமல் குழாய் புதைத்தது யார், எங்கள் உயிரோடு விளையாடுவது யார் என்றெல்லாம். உறைந்த குழாயை இளக்கும் இயந்திரங்கள் சில, காத்திருக்கும் வீடுகள் பல. நோயாளி இருக்கும் வீடு என்று முன்னால் தள்ளினாலும் அந்த வாரத்தில் வரவே வராது. பக்கத்து வீட்டு மார்செல் தன் வீட்டிலிருந்து தோட்டக் குழாயைப் பனிமேல் இழுத்துப் போட்டிருந்தார். குடிக்க, குளிக்க அது போதும். ரத்தத்துக்கு அந்தத் தண்ணீர் ஆகாது என்று மருத்துவமனை சொல்லிவிட்டது. நெஸ்டருக்கு அடுத்த முறை மறுநாள்.

"மருத்துவமனைல இடம் வச்சிருக்காங்களாம்," என்றேன்.

நெஸ்டர் ஜன்னலைப் பார்த்தபடி, "இருக்கட்டும்," என்றார்.

"பாத்தியா?" ஒரிசியா என்னைச் சமையலறைக்கு இழுத்தார். "தண்ணி ஓடிட்டேதான் இருந்துச்சு. எழுதிக்கோ. நான் ஒருத்தரையும் தொட விடலை. காலையில சத்தம் இல்லைன்னதும் கைப்பிடியை அங்கயும் இங்கயும் திருப்பிப் பாத்தேன், ஒரு சொட்டு இல்ல. நேத்து சாயங்காலம் கூட மாவு பிசைஞ்சேன். இங்கதான் நின்னேன். இப்படிக் கிண்ணத்தை அலசினேன், இப்படிக் கையைக் கழுவினேன், இப்படித் துண்டுல துடைச்சேன்…"

துண்டில் துடைத்த கை தானாகப் போய்க் கைப்பிடியைப் பிடித்து வலப்பக்கம் திருப்பி மூடியது.

நானும் பார்த்தேன். கதவோரம் எழுந்து வந்து நின்ற நெஸ்டரும் பார்த்தார். சிவப்பு நாடா ஒரிசியாவின் விரல்களுக்கு இடையில் இருந்தது.

"எங்கப்பா பீப்பாயில தண்ணி கொண்டு வருவார்," என்றார் ஒரிசியா, யாரிடமும் இல்லாமல். "குதிரை வண்டியில. ஒரு சொட்டு சிந்தினா முதுகுல அடி விழும்." பிறகு, "நான்தான் மூடினேன்," என்றார். அதை மறுபடி சொன்னார். உட்காரக்கூடத் தெரியாமல் நின்றார்.

நெஸ்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பூட்ஸ் எங்க?"

"எதுக்கு?"

"நாளைக்குப் போகணும்ல. இப்பவே தேடி வையி. உனக்குத்தான் ஒரு பொருளும் வச்ச இடத்துல இருக்காதே."

"எங்க போகணும்?"

"ஊர்கோலம். எங்கயாம்! நான் நிறுத்தினா நீ நிறுத்தினதா ஆயிரும். அந்தப் பழியை உன் தலையில கட்டிட்டுப் போக எனக்கு இஷ்டமில்ல. நீயே ஓட்டு, ஆனா குழியில விடாத. ஊருக்கெல்லாம் குழி எங்கன்னு சொல்றவ நீ."

ஒரிசியா அழுதுகொண்டே திட்டினார். என்ன திட்டினார் என்பது உக்ரேனிய மொழியில் இருந்ததால் எனக்குப் புரியவில்லை.

மறுநாள் மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் வானொலிக்கு அழைத்தார். "நேத்து குழாய் விஷயத்துல நகராட்சியைத் திட்டினேன்ல, அது தப்பு. மூடினது நான். பனி மலைக்குத் திட்டினது அப்படியே இருக்கட்டும்."

இளக்கும் இயந்திரம் அந்த வீட்டுக்கு வரும்போது ஏப்ரல் பிறந்துவிட்டது. அதுவரை நெஸ்டர் மருத்துவமனையில் அதே வரிசை நாற்காலியில் உட்கார்ந்து வந்தார். ஒவ்வொரு முறையும் போகும்போது பேசவில்லை, திரும்பும்போதும் பேசவில்லை என்று ஒரிசியா சொன்னார். ஆனால் போனார்.

இப்போது நெஸ்டர் மறுபடி ஜன்னலோரம், வீட்டு இயந்திரத்தோடு இருக்கிறார். இந்த மார்ச்சிலும் அவர்கள் வீட்டுக்கு அறிவிப்புப் போயிருக்கிறது. ஒரிசியா குழாயின் கைப்பிடியையே கழற்றி மார்செலிடம் கொடுத்து வைத்திருக்கிறார். தண்ணீர் ஓடுகிறது. ஒரிசியாவுக்குச் சரியாகத் தூக்கமில்லை.