வேல்பாண்டி வீட்டுப் படர்தாமரை

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் வேல்பாண்டி சூப்பர்வைசர். துணி ஆஸ்பத்திரிகளுக்குப் போவதால் சுத்தத்தைக் கவனிப்பது அவர் பொறுப்பு. அவரோ சுத்தத்தையே தாம்தான் கண்டுபிடித்தது போல நடந்துகொள்வார். தினமும் காலையில் மடிப்புப் பிரிவின் வாசலில் நின்று பெண்களின் நகங்களைப் பார்ப்பார். ஒரு முடி தொப்பிக்கு வெளியே எட்டிப் பார்த்தால் போதும், கிருமியைப் பற்றிக் கால் மணி நேரம் பேசுவார். கேட்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும். கொட்டாவியில் உள்ள கிருமிக்கு இன்னொரு கால் மணி நேரம்.

முதலாளி வீட்டுப் பேத்திக்குக் கினிப்பன்றி வாங்கியிருக்கிறார்கள் என்று தெரிந்த மறுவாரமே வேல்பாண்டி மதுரைக்குப் போய் ஒரு ஜோடி வாங்கி வந்துவிட்டார். ஒன்று பழுப்பு, ஒன்று வெள்ளை. வாலில்லாமல், உருண்டையாக, ஓயாமல் கீச்சிட்டுக்கொண்டிருந்தன. அவர் மனைவி வெங்கடேஸ்வரி அவற்றைச் செத்த நேரம் உற்றுப் பார்த்தாள்.

“எலிதானங்க?”

“எலியில்லட்டி. வெளிநாட்டு ரகம். நம்மூர்ல நாய எல்லாப் பயலும் வளக்கான்.”

“சரி, இதுக்குப் புழுக்கை அள்ளப்போறது யாரு?”

அதற்கு அவர் ஏற்கெனவே ஆள் பார்த்து வைத்திருந்தார். மடிப்புப் பிரிவில் குருவம்மாள் என்று ஒருத்தி, செட்டியார்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வேலைக்கு வருகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கூண்டைக் கழுவித் தரச் சொன்னார். சூப்பர்வைசர் கேட்டு முடியாது என்று சொல்லிவிட்டு, மறுநாள் அவர் முன்னால் போய் எப்படி நகத்தை நீட்டுவது? வந்தாள்.

ஒரு மாதத்தில் பழுப்புக்கு மூக்கைச் சுற்றியும் காதோரமும் முடி கொட்டி, தோல் பொடுகு போல உதிர ஆரம்பித்தது. “புது எடம்லா, தண்ணி ஒத்துக்கிடல” என்று தீர்ப்புச் சொன்ன வேல்பாண்டி, தேங்காயெண்ணெய் தடவினார். நாலு நாளில் வெள்ளையும் காதைச் சொறிய ஆரம்பித்தது.

அடுத்த திங்கட்கிழமை, குருவம்மாளின் முழங்கைக்குக் கீழே சிவப்பாக ஒரு வட்டம் அவர் கண்ணில் பட்டது.

“ஏம்மா, கையில என்ன அது?”

“அரிக்குது சார். ரெண்டு நாளாத்தான்.”

“படர்தாமரை! வீட்டுல எம்புட்டு அழுக்குல கெடந்தா இது வரும்? ஆஸ்பத்திரிக்குப் போற துணில கைய வைக்கப் பாத்தியே. ஆறுற வரைக்கும் உள்ள வராத.”

சொன்ன விதிமுறை சரிதான். சொன்ன விதத்தைத்தான் மடிப்புப் பிரிவின் பதினெட்டுப் பெண்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். குருவம்மாள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

வியாழக்கிழமை வேல்பாண்டிக்கு இடுப்பு அரித்தது. கண்ணாடியில் பார்த்தால், பெல்ட்டுக்குக் கீழே அதே வட்டம். பெல்ட் உரசியிருக்கும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். மெடிக்கலில் “சூட்டுக் கொப்புளத்துக்கு” என்று கேட்டு ஒரு ட்யூப் வாங்கித் தடவினார். மூன்று நாள் அடங்கியது. பிறகு வட்டத்துக்குள் வட்டமாகத் தொடை வரைக்கும் இறங்கியது. ஆனாலும் அவர் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. பெல்ட்டுக்குக் கீழே இருக்கும் கிருமிக்கு அவருடைய விதி பொருந்தாது போலும். ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கதவு நிலையில் இடுப்பைத் தேய்த்துக்கொள்வார். பெண்கள் அதையும் பார்த்தார்கள்.

உள்ளூரில் டாக்டரிடம் போனால் விஷயம் கம்பெனிக்கு வந்துவிடும். அதனால் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறி, மடவார் வளாகம் பக்கம் ஒரு தோல் டாக்டரைத் தேடிப் போனார். பெஞ்சில் குருவம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

“வாங்க சார். எங்க அக்கா வீடு இங்கனதான், அதான் வந்தேன். நீங்க?”

“சுகர் பாக்க வந்தேன்.”

“இவிய தோல் டாக்டருல்லா?” என்றவள் நகர்ந்து இடம் விட்டாள். “எட்டி உக்காரணும்னா அந்தக் கடைசில உக்காருங்க சார்.”

அவள் உள்ளே போய் வந்த பிறகு அவர் போனார். டாக்டர் காளீஸ்வரி பார்த்துவிட்டுக் கேட்டார்: “வீட்டுல பூனை, முயல் ஏதும் வளக்கீங்களா?”

“கினிப்பன்றி.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவர் கொண்டுபோயிருந்த ட்யூபை வாங்கிப் பார்த்தார். “இன்னைக்கு நீங்க ரெண்டாவது கினிப்பன்றி. அதுககிட்டயிருந்துதான் ஒட்டியிருக்கணும். இந்த ட்யூப்ல ஸ்டீராய்டு இருக்கு. அரிப்ப அமுக்கும், பூஞ்சைய வளத்து விடும். முதல்ல இத நிறுத்துங்க. அதுகளயும் கால்நடை டாக்டர்கிட்டக் காட்டுங்க. இல்லன்னா மறுபடியும் வரும்.”

கால்நடை டாக்டர் முடியைப் பிடுங்கிப் பரிசோதனைக்கு அனுப்பி, அதே பூஞ்சைதான் என்று உறுதி செய்தார். எண்ணெய் கூடாது. இரண்டுக்குமே மருந்து. தொடும்போது கையுறை. மரக்கூண்டையும் விரிப்பையும் தூக்கி எறிந்துவிட்டு, பிளீச்சிங் கரைசலில் கழுவக்கூடிய கூண்டு. “முடி மொளச்சிருச்சேன்னு மருந்த நிறுத்திராதீங்க. நான் சொன்ன பொறவுதான் நிறுத்தணும்.”

டாக்டரைப் பார்த்த மூன்றாவது வாரம், வேலை செய்யலாம் என்ற டாக்டர் சீட்டோடு குருவம்மாள் வாசலில் வந்து நின்றாள். வேல்பாண்டி சீட்டைப் பார்த்துவிட்டு, “சரி, உள்ள போ” என்றார். அவள் நகரவில்லை.

“அன்னைக்கு எல்லாருக்கும் முன்னாலதான சார் எங்க வீடு அழுக்குன்னீங்க? இன்னைக்கும் எல்லாரும் இருக்காக. எங்கருந்து வந்துச்சுன்னு சொல்லிருங்க, நான் போறேன்.”

அவர் சுவரிலிருந்த மின்விசிறியைப் பார்த்தார். “கினிப்பன்றிலேர்ந்து…”

“யாரு வீட்டுக் கினிப்பன்றி சார்?”

“எங்க வீட்டு…”

“அப்ப ஒங்களுக்கு வரலையா சார்?” என்று பின்னால் நின்ற பெண்களில் வெள்ளத்தாய் அக்கறையாகக் கேட்டாள். அவர் அவசரமாக மெஷின் பக்கம் போய்விட்டார். அன்று முழுக்க மடிப்புப் பிரிவில் சிரிப்பு ஓயவில்லை.

குருவம்மாள் அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அவராலும் கூப்பிட முடியவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு தாமே குத்தவைத்துக் கூண்டைத் தேய்த்தார். “அந்த மூலைய விட்டுட்டீக” என்று வெங்கடேஸ்வரி கதவோரம் நின்று காட்டினாள். மருந்து போடும்போது பழுப்பு இரண்டு தடவை விரலைக் கடித்தது. ஆறு வாரத்தில் இரண்டுக்கும் குணமாகி முடி பளபளவென்று வளர்ந்துவிட்டது. வேல்பாண்டிக்கு, அந்த ட்யூப் செய்த கைங்கரியத்தில், அதற்குப் பிறகு வந்த தீபாவளி கழிந்தும் அரித்துக்கொண்டிருந்தது.