அறை மாறி வந்தவர்கள்

எல்பியோவின் சவப்பெட்டியைச் சின்ன அறையில் வைத்திருந்தார்கள். பெரிய அறை ஏலக்காரர் வால்டெமாருக்குப் போய்விட்டது. துராஸ்னோ ஊரின் அஞ்சலி மண்டபத்தில் அறைகளே இரண்டுதான், நடுவில் ஒரு நடை. இந்தச் சுற்றுவட்டாரத்து மாடுகளில் பாதியைத் தன் தொண்டையாலேயே விற்றுக்கொடுத்தவர் வால்டெமார். ஊர் முழுக்க அவருக்காக மதியத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. மழையில் நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாடையும் காப்பி மணமும் நடையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தன. ஆட்கள் வரவில்லை.

"இத்தனை நாற்காலி எதுக்குப் போட்டு வெச்சிருக்காங்க?" என்றாள் சூலி. எல்பியோவின் அக்கா. பாய்சாந்துவிலிருந்து காலைப் பேருந்தில் வந்து இறங்கியவள், இன்னும் கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"எல்லா அறைக்கும் போடறதுதான்" என்றாள் எல்பியோவின் மனைவி நீபியா.

"நாளைக்குப் பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேணும். யாரு தூக்குவா? நீயும் நானும் அந்தப் பல் டாக்டருமா? அவரையே யாராவது தூக்கணும் போல இருக்கு."

பல் டாக்டர் காலையிலேயே வந்து, அழுது, போய்விட்டிருந்தார். அதற்கப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வந்தார். அவ்வளவுதான்.

சூலி குரலைத் தணித்துக்கொண்டாள். "பேசாம அவனை எங்க ஊருக்குக் கொண்டுபோயிடறேன் நீபியா. அப்பா அம்மா கல்லறையிலயே இடம் இருக்கு. ஞாயித்துக்கிழமை யாராவது ஒருத்தர் பூ வைப்பாங்க. இங்க யாரு இருக்கா அவனுக்கு?"

"நான் இருக்கேன்."

"நீ ஒருத்தி. உனக்கு யாரு இருக்கா? கோவிச்சுக்காத. இத்தனை வருஷம் இந்த ஊர்ல இருந்து ஒரு மனுஷாளைச் சேர்த்துக்கலையே நீ. சாயங்காலத்துக்குள்ள யோசிச்சுச் சொல்லு, வண்டிக்காரங்களுக்குச் சொல்லணும்."

பார்க்கிறவர் கண்ணுக்கு அது உண்மைதான்.

அவளுடைய சிகிச்சை அறை பல் டாக்டர் வீட்டு மாடியில் இருந்தது. கீழே பித்தளைப் பலகையில் 'பிசியோதெரபி' என்று மட்டும் எழுதியிருக்கும். தொடக்கத்தில் முழங்கால், தோள்பட்டை என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகு வலி என்று வந்த ஒருத்தி, பல மாதம் முதுகைக் காட்டிவிட்டு, கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டு, வலி முதுகில் இல்லை என்றாள். நீபியாவுக்கு அன்று என்ன செய்வதென்று தெரியவில்லை. அதற்காகவே மறுபடி தலைநகருக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தாள். இடுப்பின் அடியில், வெளியே தெரியாமல், உடம்பின் உள்ளுறுப்புகளையெல்லாம் தாங்கிக்கொண்டிருக்கும் தசைகள். அவை பயந்து இறுகினால் இறுகியபடியே நின்றுவிடும். உட்கார்ந்தால் வலி, சிறுநீர் போனால் வலி, கணவனோடு சேர்ந்தால் வலி. டாக்டர்கள் படம் எடுத்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று அனுப்பியிருப்பார்கள். ஒன்றும் இல்லாத வலியோடு மாடி ஏறி வருவார்கள்.

முதல் நாள் அவள் யாரையும் தொடுவதில்லை. மேசைமேல் பிளாஸ்டிக் இடுப்பெலும்பை வைத்துக்கொண்டு பேசுவாள். அடுத்த தடவை மூச்சு. "பல்லைக் கடிக்காதீங்க, தாடையை விடுங்க. மேல விட்டாத்தான் கீழ விடும்" என்பாள். கையுறை போட்ட பிறகும் ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுத்தான் தொடுவாள். நடுவில் நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்கமாட்டாள்.

முதல் நாள் முடிகிறபோது எல்லாரிடமும் ஒன்று கேட்பாள்: "தெருவுல பாத்தா உங்களுக்கு முத்தம் கொடுத்து விசாரிக்கட்டுமா, வேண்டாமா?"

கன்னத்தில் ஒரு முத்தம் வைக்காமல் தெரிந்தவரைக் கடந்துபோவது இந்த ஊரில் பெரிய அவமரியாதை. முத்தம் வைத்தாலோ, கூட வருகிறவர் கேட்பார்: அந்தம்மாவை உனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. ஏறக்குறைய எல்லாருமே வேண்டாம் என்றார்கள். சிலர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சொன்னார்கள். அவள் அதை அப்படியே கடைப்பிடித்தாள். வருஷங்கள் போகப் போக, ஊரில் பாதிப்பேரை அவள் பார்க்காததுபோலக் கடக்க வேண்டியதாயிற்று. ரொட்டிக் கடை வரிசையில், வங்கியில், திருப்பலியில். திமிர் பிடித்தவள் என்று ஊர் பேசியது. பேசியவர்களில் அவளிடம் வந்து குணமானவர்களின் அண்ணன் தம்பிகளும் அக்கா தங்கைகளும் இருந்தார்கள். நலமாகிப் போனவர்களுக்கு அதற்குப் பிறகு மாடி ஏற வேண்டிய தேவையே இல்லை. நலமாகிவிட்டார்களா என்பதைத் தூரத்திலிருந்துதான் பார்த்துக்கொள்வாள். ஒருத்தி சினிமா முடியும்வரை எழுந்து நிற்காமல் உட்கார்ந்திருந்தாள். இன்னொருத்தி சைக்கிளில் போனாள். இன்னொருத்திக்கு வயிறு தெரிந்தது. அன்றைக்கெல்லாம் வீட்டுக்குப் போய் அவள் காரணம் சொல்லாமல் சந்தோஷமாக இருப்பாள்.

எல்பியோ கம்பளிக் கிடங்கில் கணக்கு எழுதியவன். நாலு வார்த்தைக்குமேல் பேசாத ஆள். பிறகு நுரையீரல் கெட்டு வீட்டோடு இருந்தான். நடக்க முடிந்த நாளில் இருவரும் கசப்பு மாத்தே தேநீர்க் குடுவையும் வெந்நீர்ப் பிளாஸ்க்குமாகச் சதுக்கத்துக்குப் போய் உட்காருவார்கள். அவள் யாரைப் பார்த்துச் சட்டென்று செருப்பைப் பார்க்கிறாள் என்பதை அவன் கவனித்திருந்தான். யாரென்று கேட்டதே இல்லை. கிளம்பும்போது மட்டும், "இன்னிக்கு எத்தனை பேரை உனக்குத் தெரியாது?" என்பான். அவள் சிரிப்பாள். அவளுடைய வேலையைப் பற்றி அவர்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

மணி நாலு இருக்கும். வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பச்சைச் சால்வை, கையில் குடை. பள்ளிக்கூட ஆசிரியை. பிரசவத்தில் போட்ட தையல் ஆறி இரண்டு வருஷம் கழித்தும் உட்கார முடியாமல், நின்றபடியே பாடம் எடுத்தவள்.

"ஐயோ, மன்னிக்கணும்" என்றாள் சூலியைப் பார்த்து. "வால்டெமார் ஐயாவோட அறைன்னு நினைச்சுட்டேன்."

"அது எதிர்ப்பக்கம்" என்றாள் சூலி.

"வந்தது வந்தாச்சு. துக்க வீட்டுக்குள்ள கால் வெச்சுட்டுத் திரும்பக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள். பெட்டியருகே போய்ச் சிலுவை போட்டாள். பிறகு நீபியாவிடம் குனிந்து கன்னத்தில் முத்தம் வைத்தாள். அவள் கன்னம் சில்லென்று இருந்தது. நீபியாவின் மணிக்கட்டை ஒரு தடவை அழுத்திவிட்டு எதிர் அறைக்குப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஆள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். குதிரை பழக்குகிறவன், தோல் பூட்ஸ் முழுக்கச் சேறு. சேணத்தில் உட்கார்ந்தால் நெருப்பு வைத்ததுபோல இருக்கிறது என்று வந்தவன். மனைவி பக்கத்தில் படுக்கவே பயமாக இருக்கிறது என்பதைச் சொல்ல அவனுக்கு மூன்று சந்திப்புகள் பிடித்தன.

"வால்டெமார் ஐயா...?"

"எதிர்ல" என்றாள் சூலி.

"அப்படியா?" என்றான். ஆனால் நேராக வந்து நீபியாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வருத்தமா இருக்குங்க" என்றான். பெட்டியைப் பார்த்து, "நல்ல மனுஷன்" என்றான். எல்பியோவை அவன் பார்த்ததே கிடையாது. கடைசி வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தான். நன்றாக, முழுதாக, முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். நீபியா அதைப் பார்த்தாள். தான் பார்க்கட்டும் என்றுதான் அப்படி உட்கார்ந்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

அப்புறம் இரண்டு சகோதரிகள் வந்தார்கள். ஒருத்தி மாடிக்கு வந்தது இன்னொருத்திக்குத் தெரியாது. இருவரும் ஒரே நேரத்தில் அறை மாறிவிட்டதாகச் சொல்லி, ஒருவரையொருவர் பார்த்துத் திகைத்து நின்றார்கள். மருந்துக் கடைக்காரர் மனைவி வந்தாள். திருமணமாகி இரண்டு வருஷம் கணவனை நெருங்கவிட முடியாமல் அழுதுகொண்டு வந்தவள், இப்போது இடுப்பில் குழந்தையோடு வந்தாள்.

சூலிக்குப் பொறுக்கவில்லை. "இந்த ஊர்ல ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாதா? வாசல்ல பேரு எழுதித்தானே வெச்சிருக்கு!" என்று எழுந்து போய், மண்டபத்து ஆளைப் பிடித்தாள். "தம்பி, எழுத்து சின்னதா இருக்கு. பெரிசா எழுதி வை. துக்கத்துல இருக்கறவளை வர்றவன் போறவன்லாம் முத்தம் கொடுத்துட்டுப் போறான்."

அந்த ஆள் கறுப்பு மையில் எல்பியோவின் பெயரைக் கை அகலத்துக்கு எழுதி வைத்தான். அதற்குப் பிறகு இன்னும் அதிகம் பேர் அறை மாறினார்கள்.

இருட்டத் தொடங்கியபோது நடையில் பேச்சு நின்றது. வால்டெமாரின் மனைவி தெல்மீரா இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தாள். கறுப்பு உடை, முத்துத்தோடு, பொல்லாத களைப்பு. அவள் மாடிக்கு வந்தபோது வயது அறுபதுக்குமேல். கல்யாணமான நாளிலிருந்து வலி. "சகிச்சுக்கறதுக்குப் பேருதான் குடும்பம்னு நினைச்சேன்" என்றாள் முதல் நாள். பல் டாக்டரிடம் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வருவாள். உனக்கு இருக்கிறதே கொஞ்சம் பல், அவர் இன்னும் என்ன பண்ணுகிறார் என்று வால்டெமார் கேட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஒரு நாள் வந்து கட்டிலில் படுக்காமல் ஓரத்தில் உட்கார்ந்தாள். "நேத்து வலிக்கல" என்றாள். கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடினாள், கிடைக்கவில்லை, நீபியாவின் வெள்ளைக் கோட்டிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் மாடிக்கு வரவில்லை. சதுக்கத்தில் எதிர்ப்பட்டால் இருவரும் புறாக்களைப் பார்ப்பார்கள்.

இப்போது அவள் ஒரு சாக்கும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. நீபியாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கடைசியில சிரமப்பட்டாரா?" என்றாள் மெல்ல.

"மூச்சுதான். உங்களவர்?"

"தூக்கத்துலயே. கை என் மேல இருந்துச்சு."

சூலி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நடையிலிருந்து தெல்மீராவின் மகள் ஓடி வந்தாள்.

"அம்மா! எங்கெல்லாம் தேடறது? எல்லாரும் கேக்கறாங்க." பிறகு கோத்திருந்த கைகளைப் பார்த்தாள். "இவங்களை உனக்கு எப்படிம்மா தெரியும்?"

தெல்மீரா வாயைத் திறந்தாள். சொல்லிவிடத்தான் போகிறாள் என்று நீபியாவுக்குத் தெரிந்தது. தெல்மீராவின் தாடை இறுகியிருந்தது, மூச்சு மேலேயே நின்றது. சூலிக்கு வேண்டிய பதில் அந்த வாயில் இருந்தது. எல்பியோ இந்த ஊரிலேயே இருப்பதற்கான பதில். சொல்லிவிட்டால், மகள்களோடு இனி இருக்கப்போகிற கிழவிக்கோ, வீட்டில் ஒவ்வொரு சாப்பாட்டு மேசையிலும் அதைப் பற்றிய பேச்சு.

நீபியா கையை விடுவித்துக்கொண்டாள்.

"தெரியாதும்மா. அம்மா அறை மாறி வந்துட்டாங்க" என்றாள்.

மகளின் முகம் இளகிவிட்டது. "பாவம், காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை. தலை சுத்துது போல" என்று அம்மாவைக் கைத்தாங்கலாக எழுப்பினாள். தெல்மீரா எழுந்தாள். போகும்போது நீபியாவின் நெற்றியில் முத்தம் வைத்தாள். முன்பின் தெரியாதவளுக்கு யாரும் நெற்றியில் வைப்பதில்லை. மகள் அதைக் கவனிக்கவில்லை.

"ஐயோ பாவமே" என்றாள் சூலி. "புருஷன் எந்த அறையில இருக்கான்னே தெரியாமப் போச்சே அதுக்கு." பிறகு, "என்ன முடிவு பண்ணினே? பாத்தே இல்ல, உனக்குன்னு ஒருத்தர் வரல. வந்ததெல்லாம் அந்த ஏலக்காரனுக்கு வந்த கூட்டம்."

"ஆமா."

"அப்ப வண்டிக்குச் சொல்லட்டுமா?"

"வேண்டாம் சூலி. அவர் இங்கயே இருக்கட்டும்."

"யாரை நம்பி?"

அவளிடம் பதில் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம், ஒரு மூச்சு, ஒரு வலி. ஒன்றையும் வெளியே எடுக்க முடியாது.

"யாரையும் நம்பி இல்ல" என்றாள். "எனக்கு இங்கதான் பிடிச்சிருக்கு."

"அழுத்தக்காரி" என்றாள் சூலி. ஆனால் அன்று முதல் தடவையாகக் கையுறையைக் கழற்றி, காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

காலையில் மழை விட்டிருந்தது. பெட்டியை மண்டபத்து ஆட்கள் நாலு பேர் தூக்கினார்கள். பல் டாக்டர் ஒரு கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு வந்தார். சூலி ஒன்றைப் பிடித்தாள். கல்லறைத் தோட்டத்தின் பெரிய பாதையில் வால்டெமாரின் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது, முன்னால் குதிரைக்காரர்கள், பின்னால் ஊர். நீபியாவின் சிறிய கூட்டம் பக்கச் சந்தில் திரும்பியது. பெரிய பாதையிலிருந்து யாரும் தலையைத் திருப்பவில்லை. குடும்பத்தோடு வந்திருந்தார்கள்.

பின்மதிலில் அடுக்கடுக்காக இருந்த மாடங்களில் ஒன்றுக்குள் பெட்டியைத் தள்ளினார்கள். கொத்தனார் கலவையைக் குழைத்து முடித்து, கரணையைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். மண்டபத்து ஆட்களை விட்டால் மூன்று பேர்தான். அவருக்குச் சங்கடமாக இருந்தது.

"அம்மா, இன்னும் யாராவது வரணுமா? கொஞ்ச நேரம் வேணும்னாலும் காத்திருக்கேன்."

"வேண்டாங்க" என்றாள் நீபியா. "எல்லாரும் வந்துட்டுப் போயிட்டாங்க. மூடுங்க."