அம்மா பார்த்து வாங்கிய மீன்தொட்டி ஹீட்டர்

ஈரக் கண்ணாடியில் எலுமிச்சைத் தோலைத் தேய்த்தால் ஒரு புளித்த வாசனை வரும். மழை பிடித்துக்கொண்ட மாதங்களில், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக் கூடம் முழுக்க அந்த வாசனைதான் இருக்கும். அம்மா மீன்தொட்டி ஹீட்டரைச் சுத்தம் செய்துகொண்டிருப்பாள். எங்கள் போர்வெல் தண்ணீருக்கு அதன் கண்ணாடிக் குழாய் வாரம் தவறினால் "உப்புப் பூத்து" விடும், பூத்தால் சூடு சரியாக இறங்காது. பிளக்கைப் பிடுங்கிய கையோடு அதை வெளியே எடுக்கமாட்டாள். தண்ணீருக்குள்ளேயே ஆறட்டும் என்று விட்டு, எங்களுக்கு இட்லி வைத்துவிட்டு வந்துதான் தொடுவாள், ஏனென்றால் முதலில் இருந்த ஹீட்டர் சூட்டோடு தூக்கியதில் "டப்"பென்று விரிசல் விட்டுப் போயிருந்தது.

"கடலூர்ல மீனுக்கு வெந்நீரா?" என்று தெருவே சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? வெயிலில் தார் ரோடு உருகுகிற ஊர். ஆனால் அப்பா குவைத்துக்குத் திரும்புமுன் ஆசையாக வாங்கி விட்டுப்போன ஜோடி ஏஞ்சல் மீன்கள், ஐப்பசி மழையில் தண்ணீர் குளிர்ந்ததும் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நின்றன. உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்டது. கிறிஸ்துமஸுக்கு அப்பா வருவதாக இருந்தது. அதுவரை இரண்டையும் உயிரோடு வைத்திருப்பது அம்மாவுக்கு ஒரு வைராக்கியமாகிவிட்டது. காரணம் டெலிபோன். அது மாடியில் பெரியப்பா வீட்டில் இருந்தது. வெள்ளிக்கிழமை அப்பா கூப்பிட்டால் பெரியப்பா, பெரியம்மா, அண்ணன்மார் எல்லோரும் பேசி முடித்துக் கடைசியில்தான் அம்மா கைக்கு வரும். அத்தனை பேரும் சுற்றி நிற்க, அப்பா அவளிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "மீனு எப்புடி இருக்கு?" படியிறங்கும்போது அம்மா முணுமுணுப்பாள்: "மனுசி இருக்காளா செத்தாளான்னு கேக்கத் தோணுதா பாரு. மீனாம் மீனு."

திட்டிக்கொண்டேதான், விரிசல் விட்ட ஹீட்டருக்குப் பதில் வேறொன்று வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினாள். கீழவீதிப் பக்கம் ஒரு வண்ணமீன் கடை. தொட்டியின் நீளத்தையும் உயரத்தையும் கையால் அளந்து காட்டிவிட்டு, இருப்பதிலேயே பெரிய ஹீட்டரில் கைவைத்தாள். கடைக்காரர் பதறிப்போய், "அது வாட்ஸ் ஜாஸ்திம்மா. உங்க தொட்டியில போட்டா மீனு கொழம்பாயிடும்" என்றார். சரி என்று சின்னதை எடுத்தவள், சூடு ஏறியதும் தானாக அணைகிறதா என்று கண்ணால் பார்க்காமல் வாங்கமாட்டேன் என அடம்பிடித்து, பக்கெட் தண்ணீரில் அதையும் தெர்மாமீட்டரையும் போடச் சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"பொண்ணுக்கு மாப்புள்ள பாக்கக்கூட இம்மாம் நேரம் எடுத்துக்க மாட்டீங்க போல."

"மாப்புள்ள சரியில்லன்னா பஞ்சாயத்து வெச்சிக்கலாம். இது சரியில்லன்னா அவுங்களுக்கு நான் என்னா பதில் சொல்றது?"

ஹீட்டரின் விளக்கு அணைந்து மறுபடி எரிந்த பிறகுதான் எழுந்தாள்.

அவ்வளவு பார்த்து வாங்கியும் கேடு கிறிஸ்துமஸ் குடில் வடிவில் வந்தது. டிசம்பரில் பெரியப்பா எங்கள் கூடத்தில்தான் குடில் ஜோடிப்பார். ஊரில் எல்லாக் குடிலிலும் முகம்பார்க்கும் கண்ணாடிதான் குளம். நம் வீட்டில் உயிருள்ள குளமே இருக்கட்டும் என்று மீன்தொட்டியைச் சுற்றி வைக்கோல் பரப்பி, ஆடு மாடு இடையர்களை நிறுத்தி, சீரியல் செட்டுக்கு பிளக் பாயின்ட் போதாமல் ஹீட்டரைப் பிடுங்கிவிட்டார். ஹீட்டர் தலையிலிருந்த சின்னச் சிவப்பு விளக்குதான் அம்மாவுக்கு அடையாளம். சுற்றி அத்தனை சிவப்பு பல்புகள் மினுக்கும்போது எது எரிகிறது, எது எரியவில்லை என்று யாருக்குத் தெரியும்? வெளியே அடைமழை. அப்பா வந்திறங்க வேண்டிய அன்று காலையில் பார்த்தால் இரண்டு மீனும் தரையோடு சாய்ந்து கிடந்தன.

"கொழந்த ஏசுக்கு வைக்கோலு போட்டீங்க, என் மீனக் குளுருல போட்டுட்டீங்களே!" என்று பெரியப்பாவின் முகத்துக்கு நேராகவே கத்தினாள். கொதிக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றப் போனவரைத் தடுத்து, பாட்டில்களில் வெந்நீர் அடைத்து மிதக்கவிட்டு, ஆற ஆற மாற்றிக்கொண்டே இருந்தாள். மத்தியானம் ஒன்று நிமிர்ந்தது. மற்றது போய்விட்டது.

அப்பா செருப்பைக் கழற்றுவதற்குள், "ஒண்ணு செத்துப்போச்சுங்க" என்றாள். அவருக்கு முதலில் எதுவென்றே புரியவில்லை. புரிந்ததும், கூடத்தில் யாருமில்லையா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "மீனு கெடக்குது விடு. அண்ணன், அண்ணி எல்லாம் நிக்கிறப்போ நீ எப்புடி இருக்கேன்னு நான் எப்புடிக் கேக்குறது?" காலையிலிருந்து அழாத அம்மா அப்போதுதான் அழுதாள். நான் குடிலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கும் அழுகை வந்தது.

இப்போது மாடி பூட்டிக் கிடக்கிறது. தொட்டியை யாரோ வாங்கிப்போனார்கள். அம்மா போன வருஷம் போய்விட்டாள். தினமும் போனில் அப்பாவின் முகத்தைப் பார்த்தே பேசுகிறேன். சுற்றி ஒருவரும் நிற்பதில்லை, எதை வேண்டுமானாலும் கேட்கலாம். "எப்புடிப்பா இருக்கீங்க?" என்று நேராகவே கேட்கிறேன். கேட்டு முடிப்பதற்குள் "நல்லாருக்கேன்" என்று சொல்லிவிடுகிறார். அதற்குமேல் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.