"எழுதிக் குடுங்க" என்ற குணாக்கா

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. வழக்கம்போலக் குணாக்காவுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் அவருடைய வீட்டுக்காரர். "சர்வீஸாண்ணா? விடியக்காலையில நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள போயிட்டாளுங்கண்ணா" என்றார். பிறகு கூப்பிடுகிறேன் என்று ஏதோ உளறிவிட்டு வைத்துவிட்டேன்.

ஆரணியில் பட்டுப்புடவைக்கு டிசைன் போடும் நம்மில் குணசுந்தரியைத் தெரியாதவர் யார்? தையல் கடைக்கு மேலே ஒரு சின்ன அறையில் கம்ப்யூட்டர் பழுது பார்த்தவர். வயதில் மூத்த நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அந்த அதட்டலுக்கு வேறு எப்படிக் கூப்பிடுவது? யாராவது மிஷினைத் திறக்கப் போனால் அவர் கேட்பது ஒன்றுதான். "சாஃப்ட்வேர் லைசென்ஸ் எதுமேல உக்காந்துகினு இருக்குது? அதைச் சொல்லிட்டு அப்புறம் ஸ்குரூவைத் தொடுங்க."

அதைக் கேட்காமல் நான் கெட்டேன். ஒரு வருடம், ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கும்போது மிஷின் புதுசாக இருக்கட்டுமே என்று வேறொரு கடையில் மதர்போர்டை மாற்றினேன். பழையதைப் பழைய இரும்புக் கடையில் போட்டேன். பூஜை முடிந்த மறுநாள் டிசைன் சாஃப்ட்வேரைத் திறந்தால், இந்தக் கம்ப்யூட்டருக்கு உரிமம் இல்லை என்றது. நான் முறையாக வாங்கியதுதான். ஆனால் உரிமம் பழைய போர்டோடு கட்டப்பட்டிருந்தது. கழற்றும் முன் அதை விடுவித்திருக்க வேண்டும். என் பல வருட உழைப்பு உள்ளே மாட்டிக்கொண்டது. வாசலில் நெசவாளர் கஜேந்திரன் நின்றார். வெம்பாக்கத்துப் பெண்ணின் முகூர்த்தப் புடவையில் உடல் நெய்தாகிவிட்டது. பெண் வீட்டார் மாற்றச் சொன்ன முந்தானை டிசைன் என் மிஷினுக்குள். "தறி நின்னுகினு இருக்குதுண்ணா. கல்யாணம் பக்கத்துல வந்துடுச்சு" என்றார்.

வேறு போர்டு என்றால் வேறு கம்ப்யூட்டர், புதிதாக வாங்குங்கள் என்று சாஃப்ட்வேர் கம்பெனி சொல்லிவிட்டது. நண்பர் ஒருவர் பூட்டுடைத்த திருட்டு சாஃப்ட்வேரைப் பென் டிரைவில் கொடுத்தார். அதோடு போய்க் குணாக்கா முன்னால் நின்றேன். "ஏண்ணா, பொட்டு வைக்கறதுக்கா போர்டு மாத்தினீங்க? நல்லா இருக்குது உங்க பக்தி" என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். பென் டிரைவை என் சட்டைப் பையிலேயே திரும்பச் செருகினார். "காசு குடுத்து வாங்கின பொருளை நாமளே எதுக்குத் திருடணும்?"

நேரே இரும்புக் கடைக்குக் கிளம்பினார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சாக்கு சாக்காகக் கொட்டினார். அவர் கை பட்ட எந்த போர்டிலும் ஓரத்தில் மார்க்கரில் 'கு' என்று இருக்கும். மூன்றாவது சாக்கில் என்னுடையது கிடைத்தது. அதை மேசைமேல் வைத்து, என் ஹார்டுடிஸ்கைச் செருகி, உயிர் கொடுத்து, உரிமத்தை விடுவித்தார். புது போர்டில் ஏற்றக் கம்பெனி அனுமதிக்க வேண்டும். போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"அது வேற கம்ப்யூட்டர் மேடம்."

"எங்க ஊர்ல தறிக்கு அச்சு மாத்துவோம், நாடா மாத்துவோம், பலகை மாத்துவோம். அதே தறிதாங்க. சரி, அதை விடுங்க. பழசுல விடுவிச்சா புதுசுல போட்டுக்கலாம்னு உங்க ஒப்பந்தத்துல பதினோராவது பக்கத்துல நீங்களே எழுதியிருக்கீங்க. கிடையாதுன்னா, கிடையாதுன்னு எழுதிக் குடுங்க."

நாம் யாரும் படிக்காமல் 'சம்மதம்' அமுக்கும் அந்த ஒப்பந்தத்தை அவர் அச்செடுத்து, பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு முன் அனுமதி வந்தது. கஜேந்திரன் தறிக்கு ஓடினார். அந்தப் பெண் அந்தப் புடவையில்தான் மணவறையில் உட்கார்ந்தாள்.

துக்க வீட்டில் உங்களில் சிலர் அவரைச் சாமர்த்தியசாலி என்றீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. சாமர்த்தியம் இருந்திருந்தால் திருட்டு சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தே மாடி வீடு கட்டியிருப்பார். அவர் பிடிவாதக்காரி. அந்தப் பிடிவாதத்தில் பிழைத்தவர்கள் நாம்.

'கு' போட்ட அந்தப் பழைய போர்டு என் சாமிப் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது. வருடா வருடம் முதல் பொட்டு அதற்குத்தான். கோடு போட்ட ஒப்பந்தத்தை அவருடைய வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கி வந்தேன்.

அந்தச் செவ்வாயன்று கிளம்பாத மிஷினிலும் போன பொருள் போர்டுதான். இந்த முறை எதையும் தூக்கிப் போடவில்லை; போர்டை எப்படியோ ஒருமுறை கிளப்பி, உரிமத்தை விடுவித்த பிறகே புதுசு மாட்டினேன். காரியம் முடிந்த மறுநாள் கம்பெனிக்குப் போன் செய்தேன். "போர்டு மாறினா வேற கம்ப்யூட்டர் சார். புதுசுதான் வாங்கணும்" என்றது ஓர் இளங்குரல். பதினோராவது பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டேன்.

"எழுதிக் குடுங்க."

"சார், இப்படியெல்லாம் கேக்கச் சொல்லி யார் சொன்னாங்க?"

"ஆரணி குணசுந்தரி" என்றேன். "இன்னும் நிறைய பேர் கேப்பாங்க. பேரைக் குறிச்சு வெச்சுக்குங்க."