வலியைக் கவனிக்கச் சொன்னவன்

ராஜபாளையத்தில் மில் மோட்டார்களுக்குக் காயில் கட்டுவது என் தொழில். கருகிப்போன மோட்டாரைப் பிரித்து, எரிந்த செம்புக் கம்பியை உருவி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றுவேன். இப்படிப்பட்டவனுக்கு நிர்வாணத்தைப் பற்றி என்ன பேச்சு என்று என் மனைவியே கேட்டிருக்கிறாள். பட்டறை ஆட்கள் அந்தச் சொல்லைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். புத்தர் சொன்ன நிர்வாணத்துக்கு அணைந்துபோவது என்றுதான் அர்த்தம் என்று நான் கத்தினேன். கோபப்படக் கூடாது என்று தியான முகாமில் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அது ஞாபகம் வந்ததும் கோபம் இன்னும் கூடிவிட்டது.

எல்லாம் ரத்த அழுத்தத்தில் ஆரம்பித்தது. கோபத்தைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். போனில் ஒரு தியான ஆப் போட்டுக்கொண்டேன். ஒரு பெண் குரல் காலையில் என்னை மூச்சு விடச் சொல்லும். அதுவரை நான் என்ன செய்துகொண்டிருந்தேனாம்? ஆனாலும் விடாமல் கேட்டேன். பிறகு பத்து நாள் பேசாமல் இருக்கும் தியான முகாம் ஒன்றுக்குப் போனேன். அங்கே ஐந்தாம் நாள், அசையாமல் உட்கார்ந்திருந்தபோது, முழங்காலில் உயிர் போகிற வலி. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏறியது, நின்றது, கரைந்து போய்விட்டது. இது நடந்தது. இன்றைக்கும் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

திரும்பி வந்தபோது எனக்குப் பாதி புத்தர் ஆகிவிட்ட நினைப்பு. அதற்குப் பிறகு எங்கு பார்த்தாலும் அவர்தான் கண்ணில் பட்டார். முடிவெட்டும் கடைக் கண்ணாடிக்கு மேலே புத்தர். பேக்கரிச் சுவரில் புத்தர். புதிதாகப் பிளாட் போட்டு நிர்வாணம் என்று பெயர் வைத்தவனின் போர்டிலும் கண்ணை மூடிய புத்தர். நானும் ஃபைபரில் செய்த ஒரு புத்தர் தலையை வாங்கிப் பட்டறையில் வைத்தேன். உடம்பு இல்லாத புத்தர் எவ்வளவு வசதி என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. வயிறு இல்லை, முதுகு இல்லை, வலிக்க எதுவும் இல்லை. நிர்வாணம் என்றால் மெயினை ஆஃப் பண்ணுவது மாதிரி என்றுதான் நான் விளங்கிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் வன்னியம்பட்டியில் இருந்த என் அக்காவுக்கு முதுகெலும்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. என்னைவிட எட்டு வயது மூத்தவள். கணவர் இறந்த பிறகு தனியாக வெள்ளாமை பார்த்தவள். இனிமேல் வைத்தியம் இல்லை, வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவள் மகள், எனக்கு மருமகள் முறை, வேலையை விட்டுவிட்டு வந்து கூடவே இருந்தாள். வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் மார்பின் மாத்திரை கொடுத்தார். "நாலு மணி நேரத்துக்கு ஒண்ணு. வலி வரட்டும்னு காத்திருக்கக் கூடாது" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். நானும் அங்கேதான் இருந்தேன். காதில் நன்றாக விழுந்தது.

மாத்திரை போட்டதும் அக்கா தூங்கினாள். அவள் தூங்கியது எனக்குப் பிடிக்கவில்லை. மனிதன் கடைசியில் தெளிவாக இருக்க வேண்டும், விழிப்போடு எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று நான் படித்திருந்தேன். அக்கா மயக்கத்தில் போகக் கூடாது என்று மருமகளிடம் விளக்கினேன். அவளுக்கு மனம் இல்லை. ஆனால் தாய்மாமன் சொன்னால் எதிர்த்துப் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அவள் இரக்கப்பட்டுக் கொடுத்துவிடுவாள் என்று மாத்திரை அட்டையை வாங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நான் காலையில் வந்து ஒன்று கொடுப்பேன், சாயங்காலம் ஒன்று. நடுவில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பேன்.

"வலி வரும், போகும். நீ சும்மா பாத்துக்கிட்டே இரு, அக்கா."

அக்கா பார்த்தாள். நான் சொன்னேன் என்பதற்காகப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வருதுலே தம்பி. போகலியே. செத்த நேரமாச்சும் தூங்குதேன், ஒண்ணு குடுலே."

நான் கொடுக்கவில்லை. எனக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம். அதனால்தான் கொடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஒரு வெள்ளிக்கிழமை காலை, அக்கா வீட்டுக்குக் கிளம்பிய நேரத்தில், மில்லில் மோட்டார் புகைந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். ஒரு மணி நேர வேலை என்று நினைத்துப் போனேன், மத்தியானம் வரை இழுத்துவிட்டது. எந்திரச் சத்தத்தில் போன் அடித்தது கேட்கவில்லை. வெளியே வந்து பார்த்தால் மருமகள் பதினோரு தடவை கூப்பிட்டிருந்தாள். நான் திரும்பக் கூப்பிட்டபோது அவள் அழவில்லை.

"மாமா, மாத்திரை உங்க பையிலதான இருக்கு? சீக்கிரம் வாங்க."

"இந்தா வாரேன்."

நான் போய்ச் சேர்ந்தபோது வீடு நிறையப் பெண்கள். அக்காவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் உயிர் போகாமல் இப்படி இழுத்துக்கொண்டு கிடந்தால், ஏதோ ஆசை பாக்கி இருக்கிறது என்பார்கள். அது எந்த ஆசை என்று ஊகித்துக் கரைத்து ஊற்றுவார்கள். நிலத்து ஆசையாக இருந்தால் வயல் மண்ணைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவார்கள். நகை ஆசையாக இருந்தால் தங்கத்தை உரசி அந்தத் தண்ணீர். பற்றை அறுக்கத் தெரியாத ஜனங்கள் என்று இதைப் பலமுறை கேலி செய்திருக்கிறேன்.

அடுத்த வீட்டு அம்மா கையில் கிண்ணத்தோடு என்னிடம் வந்தார். "மண்ணு கரைச்சு ஊத்தியாச்சு. எடுத்து வச்சிருந்த தாலியை உரசி ஊத்தியாச்சு. பாலும் ஊத்தியாச்சு. இன்னும் என்ன ஆசையோ, எம்புட்டுத் தவிக்கா பாரு. தம்பி, உனக்காச்சும் தெரியுமா?"

மருமகள் என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

அட்டையைப் பிய்த்து ஒரு மாத்திரையை எடுத்தேன். அவசரத்தில் கீழே விழுந்தது. இன்னொன்றை எடுத்தேன். அக்காவின் பல் கிட்டிவிட்டது, வாயைத் திறக்க முடியவில்லை. தண்ணீரில் கரைத்து உதட்டில் விட்டேன். ஓரமாக வழிந்து தலையணையில் இறங்கியது. அக்கா கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். நான் விரும்பியபடி முழு விழிப்போடு, மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அவள் போன பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். அணைய வேண்டியது ஆசையும் வெறுப்பும் அறியாமையும் என்றுதான் சொல்லியிருக்கிறது. என் விஷயத்தில் மூன்றும் கொழுந்துவிட்டு எரிந்திருக்கின்றன, அதிலும் மூன்றாவது. புத்தரே கடைசிப் பயணத்தில் வயிற்று நோவோடு நடந்திருக்கிறார். களைத்துப்போய் ஒரு மரத்தடியில் படுத்து, தாகமாக இருக்கிறது, தண்ணீர் கொண்டுவா என்று சீடரிடம் கேட்டிருக்கிறார். சீடர் கொஞ்சம் தயங்கினாலும் போய்க் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். தாகத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. இதைப் படித்த அன்று பட்டறையில் உட்கார்ந்து ஆட்கள் முன்னாலேயே அழுதேன். அந்த ஃபைபர் தலை இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஹெல்மெட் மாட்ட உதவுகிறது.

பதினாறாம் நாள், அக்காவுக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் வைத்துப் படைத்தார்கள். உளுந்தவடை, பால்கோவா, வெற்றிலை, அவள் வாங்கிக் கட்டாமல் வைத்திருந்த பச்சைச் சேலை. அடுத்த வீட்டு அம்மா இலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அவ ஆசைப்பட்டது எல்லாம் வச்சாச்சா?" என்று கேட்டார்.

மருமகள் என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள்.

"குடுங்க மாமா."

அந்த அட்டை அன்றைக்கும் என் பையில்தான் இருந்தது. தூக்கிப் போடவும் முடியாமல், யாரிடமும் கொடுக்கவும் முடியாமல் வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை வடைக்குப் பக்கத்தில் நேராக வைத்தாள். இது என்னத்துக்கு என்று கேட்ட அடுத்த வீட்டுக்காரரிடம், "அம்மா கேட்டது" என்று மட்டும் சொன்னாள்.

நான் குனிந்து, இலையின் ஓரத்தில் இருந்த தண்ணீர் டம்ளரை மாத்திரைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன்.