கழுத்தில் கட்டிய செம்பு

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே பல வருடம் ஓடிவிட்டது. சாமி காரியத்தில் நடந்ததை ஊருக்குச் சொல்வதா என்கிற பயம் ஒரு பக்கம், அதிகம் படிக்காதவளுக்கு எழுத வருமா என்கிற கூச்சம் ஒரு பக்கம். ஆனாலும் பூஜை டப்பாவைத் திறந்து பச்சைக் கற்பூர வாசனை மூக்கில் ஏறும்போதெல்லாம் நாக்கு வறண்டு, பத்து வயதில் நாகமலையின் உச்சியில் செம்பைக் கட்டிப்பிடித்து நின்ற மத்தியானம் திரும்ப வந்துவிடுகிறது.

அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்து இரண்டு நாளாகியும் கண் திறக்கவில்லை. அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே முருகனிடம் நேர்ந்துகொண்டார். மலையின் மேற்கு முனையில் இருக்கிற பிள்ளையார் கோயில் கிணற்றில் விடிகாலையில் தண்ணீர் முகந்து, உச்சி வழியாகவே நடந்து, பொழுது சாய்வதற்குள் கிழக்கு முனையில் இருக்கிற முருகன் தலையில் ஊற்ற வேண்டும். நடுவில் மலையை விட்டு இறங்கக் கூடாது, செம்பைத் தரையில் வைக்கக் கூடாது, அது அம்மா பெற்ற பிள்ளையின் கையில்தான் வர வேண்டும். அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை.

பூசாரி நான் முகந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை பச்சைக் கற்பூரத்தை நுணுக்கிப் போட்டு, செம்பின் வாயை வாழையிலையால் கட்டிக் கொடுத்தார். அப்பா அதைத் துண்டில் வைத்து என் கழுத்தில் தூளிபோல் தொங்கவிட்டார். அம்மாவின் தம்பி, என் மாமா, குடிதண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு கூட வந்தார்.

கீழே இருந்து பார்த்தால் படுத்துக் கிடக்கிற பாம்புபோல வழவழப்பாகத் தெரிகிற மலைதான். மேலே போனால் ஒரு மேடு முடிந்ததென்று மூச்சு விடும்போது அடுத்த மேடு எழுந்து நிற்கும். ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் போக முடியும், கால் வைத்த இடத்தில் கல் உருளும், பாவாடையை முள் பிடித்து இழுக்கும். இடது பக்கம் வைகைப் பக்கத்து வயல்கள் பச்சையாகக் கிடந்தன. நாங்கள் நடந்த இடத்தில் ஒரு கை அகலத்துக்குக்கூட நிழல் கிடையாது.

"அத்தான், முருகன் மயில்ல உக்காந்துக்கிட்டு உலகத்தையே சுத்துனாரு. நமக்கும் ஒண்ணு அனுப்பியிருக்கலாம்ல?" என்றார் மாமா.

"வாயக் கொறச்சாத்தான் காலு நடக்கும் மாப்ள."

"எங்கக்கா எந்திரிச்ச ஒடனே, எம்புள்ளய இம்புட்டு வெயில்ல இழுத்துட்டுப் போனீகளான்னு வையும். அதுக்குப் பதில யோசிச்சு வைங்க."

அப்பா நின்றார். அந்த இரண்டு நாளில் அப்போதுதான் சிரித்தார். "வையட்டும் மாப்ள. அவ எந்திரிச்சு வஞ்சாப் போதும். அம்புட்டுதான் வேணும்."

உச்சிப் பொழுதில் ஒரு செங்குத்தான பாறையில் மாமா சறுக்கினார். அவருக்குச் சிராய்ப்போடு போனது. கேன் பிளந்து தண்ணீர் முழுக்கப் பாறையில் ஓடிக் காய்ந்தது. "நேர்த்திக்கடன் ஒங்களுக்குத்தானே, நான் எறங்கலாம்ல? ஊருக்குள்ள போயித் தண்ணி கொண்டாரேன்" என்று சரிவில் இறங்கினார். பொழுது போய்விடுமே என்று அப்பா காத்திருக்காமல், உடைந்த கேனைத் தான் எடுத்துக்கொண்டு நடந்தார்.

இன்னும் இரண்டு மேடு தாண்டியிருப்போம். அப்பாவுக்குப் பேச்சு குழறியது. பாறையில் சாய்ந்தவர் அப்படியே சரிந்தார். வேர்வை நின்று உடம்பு கொதித்தது. "தாயி... தண்ணி..." என்றார், கண் திறக்கவில்லை. கீழே மாமாவைக் காணோம். கூப்பிட்டால் காற்றுதான் வந்தது. என் கழுத்தில் செம்பு நிறையத் தண்ணீர்.

அது அம்மாவின் தண்ணீர். 'முருகா, ரெண்டு பேரையும் எடுத்துக்கிறாத' என்று அழுதுகொண்டே இலையைப் பிரித்தேன். அப்பா தலையை மடியில் வைத்து, செம்பு தரையில் படாமல் சாய்த்து, கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டேன். மீதியில் கொஞ்சம் எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டு, அடியில் கிடந்ததோடு இலையை மறுபடி கட்டினேன். நெடுநேரம் கழித்துக் கண் திறந்தார். "கேன் அடியில கொஞ்சம் கெடந்துச்சுப்பா" என்றேன். என்னையே பார்த்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

மாமா குடத்தோடு வந்து சேர்ந்தபோது, அந்தத் தண்ணீரில் செம்பை நிரப்பிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. அது கிணற்றுத் தண்ணீர் ஆகாதே, கை வரவில்லை. பொழுது சிவந்து சாய்கிற நேரத்தில் முருகன் தலையில் ஒரு உள்ளங்கைத் தண்ணீர்தான் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். அப்பா கண்ணை இறுக மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் அம்மா கண் விழித்தாள். "புள்ள மூஞ்சி ஏன் இப்படிக் கருகிக் கெடக்கு?" என்றுதான் முதலில் கேட்டாள். மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா வெளியே போய் நின்று அழுதார்.

அதற்குப் பிறகு அம்மாவுக்குத் தலைவலி வந்தாலும் நான் குறைத்த தண்ணீர்தான் காரணமென்று பூஜை மாடத்தின் முன்னால் போய் நிற்பேன். யாரிடமும் சொன்னதில்லை. போன வருடம் அப்பா தவறிவிட்டார். இந்த ஆடி வெள்ளியில், தீர்த்தத்துக்குக் கற்பூரம் நுணுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அம்மா கையை நிறுத்தவில்லை. "ஒங்கப்பா அப்பவே சொல்லிட்டாருடி. கேன் தண்ணியில கற்பூர வாசம் எங்கிட்டு இருந்து வரும்? கேட்டா நீ ஒடைஞ்சு போவேன்னு கேக்காம விட்டுட்டாரு. மறு வருசம் தோட்டத்துக்குப் போறேன்னு ஒங்கிட்டச் சொல்லிட்டு, அவரு மட்டும் ஒரு செம்பத் தூக்கிக்கிட்டு அந்த மலை பூராவும் திரும்ப நடந்தாரு. 'குடிச்சவன் நானு, ஊத்த வேண்டியவனும் நாந்தான்'னாரு."

திருநகர் வீட்டு மாடியில் துணி காயப்போடும்போது வீடுகளுக்கு மேலே அந்த மலை நீளமாகத் தெரிகிறது. அந்தக் கிணற்றுக்குக் கம்பி மூடி போட்டுவிட்டார்கள்; யாரும் முகக்க முடியாது. அப்பாவும் இல்லை. அவர் அங்கே தனியாக நடந்த நாளில் நான் எங்கே விளையாடிக்கொண்டிருந்தேனோ, தெரியவில்லை.

எங்கள் சொந்தக்காரர்கள் இன்றைக்கும், செம்பில் ஒரு சொட்டுக் குறையாமல் போய்ச் சேர்ந்தது, அதனால்தான் அம்மா பிழைத்தாள் என்று சொல்கிறார்கள். வாசிக்கிற நீங்கள் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதானால், நான் எழுதியபடியே சொல்லுங்கள். அந்தச் செம்பு குறைந்துதான் போய்ச் சேர்ந்தது. அதை நிரப்பிச் சொல்லாதீர்கள்.